ஷோஷோனி – பேனக் மக்கள்: ஃபோர்ட் ஹால் நிலமும் அதன் எல்லைக்கு வெளியே உள்ள மரபும்

ஷோஷோனி, பேனக் என்ற இரண்டு பெயர்களையும் சேர்த்து ஒரே பழங்குடியாக எழுதுகிறார்களே, இவர்கள் உண்மையில் இரு வேறு மக்களா, அல்லது அமெரிக்க அரசு ஒரே நிலத்தில் கொண்டுபோய் வைத்ததால் ஒன்றானவர்களா, அவர்களுடைய மரபில் இன்று எஞ்சியிருப்பது என்ன என்பது கேள்வி. இரு மொழிகளைப் பேசிய இரு மக்கள் என்பது சரி. ஆனால் அவர்களை அரசுதான் சேர்த்து வைத்தது என்பது சரியல்ல. அவர்கள் சேர்ந்து வாழத் தொடங்கிப் பல தலைமுறைகள் கழிந்த பிறகுதான் அமெரிக்க அரசு அந்தப் பக்கமே வந்தது. அரசு செய்ததெல்லாம் அந்தக் கூட்டு வாழ்வைச் சுற்றி ஓர் எல்லைக்கோடு போட்டதுதான்; ஐடஹோ மாநிலத்தில் உள்ள ஃபோர்ட் ஹால் ஒதுக்கீட்டு நிலம்தான் அந்தக் கோட்டுக்குள் அடங்கியது. அந்தக் கோடு போடப்பட்ட விதத்தால் அவர்களுடைய மரபின் பெரும்பகுதி கோட்டுக்கு வெளியே போய்விட்டது என்பதைப் புரிந்துகொண்டால், கடந்த 150 ஆண்டுகளில் அவர்கள் நடத்திய போராட்டங்கள் எல்லாம் ஏன் அப்படி அமைந்தன என்பதும் விளங்கிவிடும்.

முதலில் மொழியையும் தோற்றத்தையும் பார்க்கலாம். இரண்டு மொழிகளும் ஊட்டோ-ஆஸ்டெக்கன் என்னும் பெருங்குடும்பத்தில், நியூமிக் என்ற கிளையைச் சேர்ந்தவை. ஷோஷோனி நடு நியூமிக் பிரிவைச் சேர்ந்தது. தெற்குச் சமவெளிகளுக்குப் பிரிந்து சென்று பெயர் பெற்ற கொமாஞ்சிகளின் மொழியும் இதே பிரிவுதான். பேனக் மொழியோ மேற்கு நியூமிக் பிரிவைச் சேர்ந்த வடக்குப் பையூட்டின் ஒரு வட்டார வழக்கு. அதாவது, ஒரு பேனக்கியரால் இன்றைய ஓரிகன், நெவாடா பகுதிகளில் உள்ள பையூட் மக்களோடு எளிதாகப் பேச முடியும். பக்கத்துக் கூடாரத்து ஷோஷோனியரோடு பேச அவருடைய மொழியைக் கற்றுக்கொண்டாக வேண்டும். கற்றுக்கொள்ளவும் செய்தார்கள். ஓரிகன் பக்கத்திலிருந்த வடக்குப் பையூட் மக்களில் ஒரு பகுதியினர், 18ஆம் நூற்றாண்டில் குதிரைகளைப் பெற்ற பிறகு, எருமை (பைசன் எனப்படும் அமெரிக்கக் காட்டெருமை) வேட்டைக்காகக் கிழக்கே நகர்ந்து, இன்றைய ஐடஹோ மாநிலத்தின் தென்கிழக்கில் ஸ்னேக் ஆற்றுச் சமவெளியில் வாழ்ந்த ஷோஷோனியரோடு கலந்தார்கள். இவர்களே பேனக்குகள். எண்ணிக்கையில் அவர்கள் எப்போதும் சிறுபான்மையினர்தான். ஆனால் கலப்பு மணங்களும் இருமொழி வீடுகளும் இயல்பாகி, எருமை வேட்டைக்குப் போகும் பெருங்கூட்டங்களில் யார் எந்த மக்கள் என்று வெளியிலிருந்து பார்ப்பவர் பிரித்தறிய முடியாத நிலை ஏற்பட்டது. வடக்கே மொன்டானாச் சமவெளிக்குப் போனால் பிளாக்ஃபீட் மக்களோடு மோத வேண்டியிருந்ததால், பெருங்கூட்டமாகச் சேர்ந்து போவதில் உயிர்ப் பாதுகாப்பும் இருந்தது.

ஷோஷோனியரே ஒரே கட்டமைப்பில் வாழ்ந்த ஒரு குடி அல்லர். அவர்களுடைய குழுக்களுக்கு, அவர்கள் எங்கே எதை உண்டு வாழ்ந்தார்களோ அதை வைத்தே பெயர் வழங்கியது. சால்மன் மீன் உண்போர் அகைதேக்கா. மலைச் செம்மறி உண்போர் தூகுதேக்கா. எருமை உண்போர் குச்சுந்தேக்கா. இந்தப் பெயர்களை நிரந்தரச் சாதிப் பிரிவு போல எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரே குடும்பம் ஓர் ஆண்டில் மீன் பிடித்து, கிழங்கு அகழ்ந்து, எருமை வேட்டைக்கும் போய்வரலாம். வசந்தத்தில் ஓரிடம், கோடையில் ஓரிடம், இலையுதிர் காலத்தில் மலை தாண்டி மற்றோரிடம், குளிர்காலத்தில் ஸ்னேக், போர்ட்நஃப் ஆறுகளின் ஊற்றுப் படுகைகளில் தங்கல் என்று ஆண்டு முழுவதும் ஒரு சுற்றுப்பாதை இருந்தது. அவர்களுடைய நிலம் என்பது அந்தச் சுற்றுப்பாதைதான்.

அந்தச் சுற்றில் கேமஸ் கிழங்குக்கு இருந்த இடத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் பின்னால் ஒரு போரே அதனால் மூண்டது. நீலப்பூ பூக்கும் இந்தச் செடி ஈரமான புல்வெளிகளில் கூட்டமாக வளரும். பூத்த காலத்தில் தூரத்திலிருந்து பார்த்தால் தண்ணீர் தேங்கி நிற்பது போலத் தெரியும். இதே புல்வெளியில், இதே போன்ற கிழங்கோடு, வெள்ளைப் பூ பூக்கும் நச்சுச்செடி ஒன்றும் வளர்வதால், பூ நிற்கும்போதே அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். பெண்கள் நெருப்பில் வாட்டி உறுதியாக்கிய கூர்முனைக் கழியால் கிழங்கை அகழ்ந்தெடுத்து, சிறியவற்றை மறுபடியும் மண்ணிலேயே விட்டுவிடுவார்கள். பிறகு குழி தோண்டி, அடியில் கற்களைப் பழுக்கக் காய்ச்சி, அதன்மேல் ஈரப்புல், புல்லின்மேல் கிழங்கு, அதன்மேல் மறுபடியும் புல், மேலே மண் என்று மூடி, ஒரு நாளோ அதற்கும் மேலோ வேகவிடுவார்கள். பச்சைக் கிழங்கில் உள்ள மாவுப்பொருள் மனித வயிற்றில் செரிக்காத வகையைச் சேர்ந்தது. இந்த நீண்ட, ஈரமான வேக்காட்டில்தான் அது பழச்சர்க்கரையாக மாறுகிறது. வெளியே எடுக்கும்போது கிழங்கு கறுத்து, இனிப்பாக இருக்கும். அதை அப்படியே உண்ணலாம். இடித்து அடையாகத் தட்டிக் காயவைத்துக் குளிர்காலத்துக்கும் வைத்துக்கொள்ளலாம். இது நடந்த முதன்மையான இடம் இன்றைய ஃபேர்ஃபீல்ட் ஊரைச் சூழ்ந்துள்ள பெரிய கேமஸ் புல்வெளி. அங்கே ஷோஷோனி, பேனக், பையூட் மக்கள் எல்லோரும் கோடைத் தொடக்கத்தில் கூடுவார்கள். அகழ்வும் பண்டமாற்றும் பெண் பார்ப்பதும் ஒரே இடத்தில் நடக்கும்.

சால்மன் மீனின் கதை இன்னும் கவனிக்க வேண்டியது. கடலிலிருந்து கொலம்பியா ஆறு வழியாக ஸ்னேக் ஆற்றில் ஏறிவரும் மீன்களை, இன்றைய ட்வின் ஃபால்ஸ் நகருக்கு அருகிலுள்ள ஷோஷோனி அருவி தடுத்து நிறுத்திவிடும். 212 அடி உயரமுள்ள அந்த அருவியை எந்த மீனாலும் தாண்ட முடியாது. ஃபோர்ட் ஹால் அந்த அருவிக்கு மேலே, ஆற்றின் தலைப்பக்கத்தில் இருக்கிறது. ஆகவே இம்மக்களுக்கென்று பிற்காலத்தில் ஒதுக்கப்பட்ட நிலத்தில் சால்மன் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. கேமஸ் புல்வெளியும் அந்நிலத்துக்கு மேற்கே வெகுதூரத்தில் இருக்கிறது. எருமைகளோ 1840 வாக்கிலேயே ஸ்னேக் சமவெளியிலிருந்து மறைந்துவிட்டன. அவற்றைத் தேடி இப்போதைய யெல்லோஸ்டோன் பூங்கா வழியாக மலை கடந்து மொன்டானாவுக்குப் போக வேண்டியிருந்தது. அந்த வழித்தடத்துக்கு இன்றும் பேனக் தடம் என்றே பெயர். அவர்களுடைய உணவின் மூன்று தூண்களுமே எல்லைக்கு வெளியே இருந்த ஒரு நிலத்தைத்தான் அவர்களுக்குக் கொடுத்தார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்லலாம்.

ஃபோர்ட் ஹால் என்ற பெயர் 1834இல் நத்தானியேல் வையத் என்ற வணிகர் கட்டிய தோல் வணிகக் கொட்டாரத்திலிருந்து வந்தது. சில ஆண்டுகளில் அது ஹட்சன் பே கம்பெனியின் கைக்குப் போனது. ஓரிகனுக்கு வண்டி கட்டிக்கொண்டு போன குடியேறிகளுக்கு இடைத்தங்கலாகவும் ஆனது. குடியேறிகளின் மாடுகள் புல்லைத் தின்றன, வேட்டை விலங்குகள் குறைந்தன, சண்டைகள் மூண்டன. 1863 ஜனவரி 29 அன்று, கர்னல் பேட்ரிக் கானரின் தலைமையிலான கலிஃபோர்னியத் தன்னார்வப் படை, இன்றைய பிரெஸ்டன் ஊருக்கு அருகே பேர் ஆற்றங்கரையில் குளிர்காலத் தங்கலில் இருந்த வடமேற்கு ஷோஷோனியரைச் சூழ்ந்து தாக்கியது. பெண்களும் குழந்தைகளும் உட்பட இறந்தோர் தொகையை 250 முதல் 400க்கு மேல் வரை பலவிதமாகக் கணக்கிடுகிறார்கள். அமெரிக்க மேற்குப் பகுதியில் நடந்த பழங்குடிப் படுகொலைகளில் மிகப் பெரியவற்றுள் ஒன்று இது. உள்நாட்டுப் போரின் செய்திகளுக்கு நடுவே அப்போது உலகம் இதைக் கவனிக்கவே இல்லை. உயிர்பிழைத்தவர்களின் வழிவந்த வடமேற்கு ஷோஷோனி மக்கள் 2018இல்தான் அந்த நிலத்தில் ஏறத்தாழ 550 ஏக்கரை விலைகொடுத்து மீட்டார்கள்.

அந்தக் கொலைக்குப் பிறகு ஒப்பந்தங்கள் வரிசையாக வந்தன. ஃபோர்ட் ஹால் ஒதுக்கீட்டு நிலம் உருவானதில் இரண்டு வேறு வேறு ஆவணங்கள் சேர்ந்திருக்கின்றன. 1867 ஜூன் 14 அன்று குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன், போய்சி, புருனோ பகுதிகளில் அலைக்கழிக்கப்பட்ட ஷோஷோனிக் குழுக்களுக்காக ஓர் ஆணையின் மூலம் ஏறத்தாழ 18 லட்சம் ஏக்கரை ஒதுக்கினார். மறுஆண்டு, 1868 ஜூலை 3 அன்று, ஃபோர்ட் பிரிட்ஜரில் கிழக்கு ஷோஷோனியரின் தலைவர் வாஷாக்கியும் பேனக்குகளின் தலைவர் டாகியும் அமெரிக்க அரசோடு உடன்படிக்கை செய்துகொண்டார்கள். கிழக்கு ஷோஷோனியருக்கு வயோமிங்கில் விண்ட் ரிவர் நிலம் கிடைத்தது. பேனக்குகளுக்குப் பின்னால் இடம் குறித்துத் தரப்படும் என்று எழுதினார்கள். 1869இல் வந்த மற்றோர் ஆணை ஃபோர்ட் ஹாலையே அந்த இடமாக ஆக்கியது. அதனால் ஷோஷோனியர் குடியரசுத் தலைவரின் ஆணை வழியாகவும் பேனக்குகள் உடன்படிக்கை வழியாகவும் ஒரே நிலத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

அந்த உடன்படிக்கையின் நான்காம் பிரிவுதான் இன்றுவரை இம்மக்களின் சட்ட உயிர்நாடி. அமெரிக்க அரசுக்குச் சொந்தமான, குடியேற்றமில்லாத நிலங்களில், வேட்டை விலங்கு காணப்படும் காலம் வரையும், எல்லைகளில் வெள்ளையருக்கும் பழங்குடியினருக்கும் இடையே அமைதி நிலவும் காலம் வரையும் அவர்கள் வேட்டையாடலாம் என்று அது சொல்கிறது. டாகி கேட்டது போர்ட்நஃப் பகுதியும் கேமஸ் புல்வெளியும். உடன்படிக்கையை எழுதிய எழுத்தர் கேமஸ் என்பதைக் ‘கன்சாஸ்’ என்று எழுதி வைத்தார். ஐடஹோவில் இல்லாத ஒரு கன்சாஸ் புல்வெளியைப் பேனக்குகளுக்கு உறுதியளித்துவிட்டு, உண்மையான கேமஸ் புல்வெளியைக் குடியேறிகளுக்குத் திறந்துவிட்டது அரசு. எழுத்தர் செய்தது கைத்தவறு என்று வைத்துக்கொண்டாலும், பத்தாண்டுகள் யாரும் அதைத் திருத்தாமல் விட்டதை வெறும் கைத்தவறு என்று நான் சொல்லமாட்டேன்.

குடியேறிகளின் பன்றிகள் புல்வெளியைக் கிளறிக் கிழங்குகளைத் தின்னத் தொடங்கின. ஒதுக்கீட்டு நிலத்திலோ அரசு தர வேண்டிய மாவும் இறைச்சியும் போதவில்லை. பட்டினி கிடப்பதா, வெளியே போய்க் கிழங்கு அகழ்வதா என்பதுதான் கேள்வி. 1878 மே மாத இறுதியில் கேமஸ் புல்வெளியில் மாடு மேய்த்த வெள்ளையர் இருவர் சுடப்பட்டுக் காயமடைந்ததும் போர் மூண்டது. பேனக்குகளின் தலைவர் பஃபலோ ஹார்ன், அதற்கு முந்தைய ஆண்டுதான் நெஸ் பெர்ஸ் மக்களுக்கு எதிரான போரில் அமெரிக்கப் படைக்கு வேவுக்காரராக வேலை பார்த்தவர். அப்போது அவர் வேலைசெய்த ஜெனரல் ஹோவர்டே இப்போது அவரைத் துரத்தி வந்தார். ஜூன் மாதம் நடந்த மோதலில் பட்ட காயத்தால் பஃபலோ ஹார்ன் இறந்தார். எஞ்சியவர்கள் ஓரிகன் பையூட்டுகளோடு சேர்ந்து சிறிது காலம் போராடினார்கள்; பிறகு சிறைப்பட்ட பேனக்குகள் ஃபோர்ட் ஹாலுக்கே கொண்டுவரப்பட்டார்கள். ஷோஷோனியர் பெரும்பாலும் இந்தப் போரில் சேரவில்லை. இதை வைத்துத்தான் அக்கால அதிகாரிகள் ‘அடங்கிய ஷோஷோனி, அடங்காத பேனக்’ என்று பிரித்து எழுதினார்கள். இந்தப் பிரிப்பை நான் அப்படியே ஏற்கமாட்டேன். குதிரையும் நெடுந்தூர வேட்டையும் கைவிட்டுப் போனபோது அதிகம் இழந்தவர்கள் பேனக்குகள். அதனால்தான் அவர்கள் முதலில் கிளர்ந்தார்கள்.

அதற்கடுத்த கால் நூற்றாண்டு நிலம் சுருங்கிய காலம். 1872இல் எல்லையை அளந்தவர்கள் செய்த பிழையில் 18 லட்சம் ஏக்கர் 12 லட்சமாகக் குறைந்தது. ரயில்பாதை நிலத்தின் நடுவே புகுந்தது. சந்திப்பு நிலையம் ஊராயிற்று. அந்த ஊருக்கு ஷோஷோனித் தலைவர் ஒருவரின் பெயரையே வைத்து போக்கடெல்லோ என்றழைத்தார்கள். 1888இல் ஊருக்கான நிலத்தைச் சட்டப்படியே ஒதுக்கீட்டு நிலத்திலிருந்து பிரித்தெடுத்தார்கள். ஊர் மேலும் நெருக்கவே, 4 லட்சம் ஏக்கருக்கு மேல் விட்டுக்கொடுக்கும் உடன்பாடு 1898இல் பெறப்பட்டு 1900இல் சட்டமானது. 1902 ஜூன் 17 அன்று நண்பகலில் அந்த நிலம் முந்தியவருக்கு என்று திறந்துவிடப்பட, குடியேறிகள் குதிரைகளிலும் வண்டிகளிலும் ஓடிப் போய்ப் பிடித்தார்கள். ஆனால் விட்டுக்கொடுத்த அந்த நிலத்தில் பொது நிலமாக இருக்கும் பகுதிகளில் மேய்க்கவும் மரம் வெட்டவும் வேட்டையாடவும் மீன்பிடிக்கவும் உரிமையைப் பழங்குடியினர் அந்த உடன்பாட்டிலேயே எழுதி வாங்கிக்கொண்டார்கள். 1868இல் கற்ற பாடம் வீணாகவில்லை. இன்று எஞ்சியிருப்பது ஏறத்தாழ 5,44,000 ஏக்கர்.

பழங்குடியின் கூட்டு நிலத்தைத் தனிமனிதர்களுக்குத் துண்டு போட்டுக் கொடுக்கும் 1887ஆம் ஆண்டுச் சட்டமும் இங்கே வந்தது. அதன் விளைவை இன்று வரை அனுபவிக்கிறார்கள். ஒரு தாத்தாவுக்குக் கிடைத்த துண்டு, பாகப்பிரிவினை செய்யப்படாமலே வாரிசுகளின் பெயரில் ஏறி ஏறி, பலருக்குப் பங்குள்ள நிலமாகி, யாரும் தனியாக உழ முடியாத நிலைக்கு வந்துவிட்டது. நம் ஊர்களில் கூட்டுப்பட்டா நிலத்தில் நடக்கும் அதே சிக்கல்தான். இங்கே அரசு அறங்காவலராக நடுவில் நிற்பதால் தீர்ப்பது இன்னும் கடினம். இதனால் பாசன நிலத்தின் பெரும்பகுதி வெளியார் குத்தகையில் போகிறது. ஐடஹோ உருளைக்கிழங்கு என்று உலகம் அறிந்த விளைச்சலில் ஒரு பகுதி இந்த நிலத்தில் விளைவது. ஆனால் விளைவிப்பவர் பெரும்பாலும் குத்தகைதாரர்.

இவர்கள் ஒன்றானவர்களா என்று கேள்வியில் கேட்டதற்கு, பக்கத்து விண்ட் ரிவர் நிலத்தை ஒப்பிட்டால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். அங்கே 1878இல் கிழக்கு ஷோஷோனியரின் சம்மதமில்லாமல், அவர்களுடைய பழைய பகைவர்களான வடக்கு அரப்பாஹோ மக்களை அரசு கொண்டுவந்து குடியமர்த்தியது. ஷோஷோனியர் வழக்குத் தொடுத்து 1938இல் உச்ச நீதிமன்றத்தில் வென்று இழப்பீடு பெற்றார்கள். இன்றும் அங்கே இரு மக்களும் இரண்டு தனி அரசுகளாகவே இருக்கிறார்கள். ஃபோர்ட் ஹாலில் ஒரே பழங்குடி அரசுதான்; அரசமைப்பு 1936இல் ஏற்கப்பட்டது; ஏழு பேர் கொண்ட பிசினஸ் கவுன்சில் ஆட்சி நடத்துகிறது. உறுப்பினர் பட்டியலில் ஷோஷோனிக்கு ஓர் ஏடு, பேனக்குக்கு ஓர் ஏடு என்று கிடையாது. ஃபோர்ட் ஹால், ராஸ் ஃபோர்க், கிப்சன், லிங்கன் கிரீக், பேனக் கிரீக் என்ற ஐந்து பகுதிகளில் ஒருவர் எந்தப் பகுதியைச் சேர்ந்தவர் என்பது, எந்த மொழி மரபைச் சேர்ந்தவர் என்பதைக் காட்டிலும் அன்றாடத்தில் அதிகம் பேசப்படும். சடங்கு வாழ்விலும் இப்படியே. இறந்தோர் திரும்புவார்கள், பழைய வாழ்வு மீளும் என்ற நம்பிக்கையோடு பையூட் தீர்க்கதரிசிகள் தொடங்கிய ஆவி நடனம் 1870இலும் 1890 வாக்கிலும் கிழக்கே பரவியபோது, பையூட் பேச்சு அறிந்த பேனக்குகளே இடையில் நின்றவர்கள். சமவெளிப் பழங்குடிகளின் தூதர்கள் ரயிலில் ஃபோர்ட் ஹால் வந்து அவர்கள் துணையோடு மேற்கே போனார்கள். சமவெளியிலிருந்து வந்த சூரிய நடனமோ இன்று இரு மரபினருக்கும் பொதுவான கோடைச் சடங்கு. அதைப் படம்பிடிக்க வெளியாருக்கு அனுமதியில்லை. அதைப் பற்றி வெளியார் விரிவாக எழுதாமலிருப்பதும் நல்லது.

இனி எல்லைக்கு வெளியே உள்ள மரபுக்கு வருகிறேன்; இதில்தான் இம்மக்கள் மற்றப் பழங்குடிகளுக்கும் வழிகாட்டியிருக்கிறார்கள். 1895இல் வயோமிங்கின் ஜாக்சன் ஹோல் பகுதியில் வேட்டையாடிய பேனக்குகளை, வேட்டைச் சுற்றுலாவால் பிழைத்த குடியேறிகள் ஆயுதம் தாங்கிக் கைது செய்தார்கள். வழியில் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். உரிமையைச் சட்டப்படி சோதித்துப் பார்ப்பதற்காக, கடமான் வேட்டையாடிய ரேஸ் ஹார்ஸ் என்ற பேனக்கியர் மீது வழக்கு நடந்தது. கீழ் நீதிமன்றம் உடன்படிக்கையே மேலானது என்று அவரை விடுவித்தது. 1896இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, வயோமிங் மாநிலமானவுடன் உடன்படிக்கை உரிமை மறைந்துவிட்டது என்று தீர்ப்பளித்தது. மாநிலம் பிறந்ததும் உடன்படிக்கை செத்துவிடும் என்ற இந்த வாதம் 123 ஆண்டுகள் சட்டப் புத்தகத்தில் உட்கார்ந்திருந்தது. 2019இல், க்ரோ மக்களைச் சேர்ந்த ஹெரேரா என்பவரின் வழக்கில், கிட்டத்தட்ட அதே சொற்கள் கொண்ட க்ரோ உடன்படிக்கையை ஆராய்ந்த உச்ச நீதிமன்றம், 5க்கு 4 என்ற பெரும்பான்மையில் அந்தப் பழைய வாதத்தைக் கைவிட்டது. ரேஸ் ஹார்ஸ் தோற்ற வழக்கு, அவர் இறந்து வெகுகாலத்துக்குப் பின், வேறு மக்களின் கையால் கவிழ்ந்தது.

ஐடஹோவுக்குள் வேறொரு வழக்கு நடந்தது. சால்மன் ஆற்றின் கிளையான யாங்கி ஃபோர்க்கில், மூடப்பட்ட பருவத்தில் ஈட்டியால் சால்மன் குத்திய டின்னோ என்ற ஷோஷோனி-பேனக் உறுப்பினர் மீது மாநில அரசு 1968இல் வழக்குப் போட்டது. உடன்படிக்கையில் வேட்டை என்றுதானே இருக்கிறது, மீன்பிடிப்பு இல்லையே என்பது மாநிலத்தின் வாதம். இம்மக்களின் மொழிகளில் இரண்டுக்கும் பொதுவான ஒரே வினைதான் வழங்கியது என்று மொழியியல் அறிஞர் சாட்சி சொன்னார். 1868இல் அவர்கள் எப்படிப் புரிந்துகொண்டு ஒப்பமிட்டார்களோ அப்படியே படிக்க வேண்டும் என்று ஐடஹோ உச்ச நீதிமன்றம் 1972இல் தீர்ப்பளித்தது. உரிமை கிடைத்தது, அந்த நேரத்தில் மீன் போய்க்கொண்டிருந்தது. கீழ்ஸ்னேக் ஆற்றில் கட்டப்பட்ட நான்கு அணைகளில் கடைசியானது 1975இல் முடிந்தது. கடலிலிருந்து ஏறத்தாழ 900 மைல் நீந்தி, கடல் மட்டத்துக்கு மேல் 6,500 அடியில் இருக்கும் ரெட்ஃபிஷ் ஏரிக்கு வந்து முட்டையிடும் சாக்கை என்னும் சால்மன் இனம் அற்றுப்போகும் நிலையில், 1990இல் அதை அருகிய இனமாக அறிவிக்கும்படி மனுச் செய்தது இந்தப் பழங்குடி அரசுதான். 1991இல் அறிவிப்பு வந்தது. 1992இல் அந்த ஏரிக்குத் திரும்பி வந்தது ஒரே ஒரு சாக்கை ஆண்மீன். அன்று தொடங்கிய வளர்ப்புத் திட்டத்தால்தான் அந்த இனம் இன்றும் இருக்கிறது. அணைகளை என்ன செய்வது என்ற கேள்வி இன்னும் தீரவில்லை.

எல்லைக்குள்ளும் வழக்குகளுக்குக் குறைவில்லை. ஃபோர்ட் ஹால் பாட்டம்ஸ் என்னும் ஊற்றுப் படுகையின் ஒரு பகுதி 1920களில் அமெரிக்கன் ஃபால்ஸ் நீர்த்தேக்கத்துக்கு அடியில் போனது. மிச்சமுள்ள படுகையில் பழங்குடி அரசின் எருமை மந்தை மேய்கிறது. தண்ணீர் உரிமையை நீதிமன்றத்தில் இழுத்தடிக்காமல், மாநிலத்தோடும் நீர்ப் பயனாளிகளோடும் பேசி, 1990இல் ஆண்டுக்கு 5,81,031 ஏக்கர்-அடி (ஓர் ஏக்கரில் ஓரடி ஆழத்துக்கு நிற்கும் நீர் ஓர் ஏக்கர்-அடி) என்று உறுதி செய்துகொண்டார்கள். வறண்ட மேற்கில் இது பெரிய அளவு. பாஸ்பேட்டின் கதை கசப்பானது. கே சுரங்கம் 1946 முதல் 1993 வரை வேலையும் பங்குத்தொகையும் தந்தது. அந்தக் கனிமத்தை உருக்கிப் பாஸ்பரஸ் செய்த எஃப்எம்சி ஆலை 2001இல் மூடப்பட்டபோது 2.2 கோடி டன் நச்சுக் கழிவு மிஞ்சியது. காற்றுப்பட்டால் தீப்பற்றும் தன்மை கொண்ட கழிவும் அதில் உண்டு. அந்தக் கழிவை வைத்திருப்பதற்கு ஆண்டுக்கு 15 லட்சம் டாலர் கட்டணம் கட்ட ஒப்புக்கொண்ட நிறுவனம், ஆலையை மூடிய பிறகு நிறுத்திக்கொண்டது. பழங்குடி நீதிமன்றம் நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2019இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2021இல் உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது. பழங்குடியல்லாத பெருநிறுவனம் ஒன்றைப் பழங்குடி நீதிமன்றத்தின் அதிகாரத்துக்குள் கொண்டுவந்த வழக்குகள் அரிது. அந்த வகையில் இதன் மதிப்பு கட்டணத் தொகையைவிடப் பெரியது.

ஆண்டுதோறும் ஆகஸ்ட் மாதத்தில் ஃபோர்ட் ஹாலில் நடக்கும் விழாவில், எருமை இறைச்சியும் சால்மனும் சேர்ந்த பெரிய விருந்து வந்தவர்களுக்கெல்லாம் பரிமாறப்படும். அங்கே பார்க்க வேண்டியது இந்தியன் ரிலே என்னும் குதிரைப் பந்தயம். ஓர் ஓட்டக்காரர், மூன்று குதிரைகள், மூன்று சுற்றுகள், சேணம் கிடையாது. ஒரு சுற்று முடித்து வேகம் குறையாமல் வருபவர், ஓடும் குதிரையிலிருந்து குதித்து, இரண்டு மூன்று எட்டில் அடுத்த குதிரையின் முதுகில் தாவி ஏற வேண்டும். வந்த குதிரையைப் பாய்ந்து பிடிக்க ஒருவர், அடுத்ததை நிறுத்தி வைக்க ஒருவர், மூன்றாவதைப் பின்னால் அடக்கிப் பிடிக்க ஒருவர். ஐந்தாறு அணிகள் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் இந்த மாற்றத்தைச் செய்யும்போது, புழுதியில் எந்தக் குதிரை யாருடையது என்பதே தெரியாது. பந்தயம் பெரும்பாலும் ஓட்டத்தில் அல்லாமல் இந்த மாற்றங்களில்தான் தீர்மானமாகிறது. அணிகள் பெரும்பாலும் குடும்பங்களே. தந்தை குதிரை பிடிக்க மகன் ஓட்டுவான்.

பெண்களின் கைவேலையில், பதமிட்ட மான்தோலில் மணிகோத்து ரோஜாப்பூ உருவம் தைப்பது ஷோஷோனி வேலைப்பாட்டின் முத்திரை. விண்ட் ரிவரிலும் ஃபோர்ட் ஹாலிலும் கையுறைகளிலும் பாதணிகளிலும் அதைக் காணலாம். மொழியில் நிலைமை சமமில்லை. ஷோஷோனி இன்னும் வீடுகளில் புழங்குகிறது; போக்கடெல்லோவில் உள்ள ஐடஹோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கப்படுகிறது; 2013இல் தொடங்கிய தொடக்கப் பள்ளியில் குழந்தைகள் அதன் வழியாகவே பாடம் கேட்கிறார்கள். பேனக் பேசுவோர் மிகச் சிலரே. அந்தப் பள்ளிக்குச் சூட்டப்பட்டிருப்பது பேனக் தலைவர் டாகியின் பெயர், அங்கே ஒலிப்பது ஷோஷோனி மொழி. சிறுபான்மையாக வந்து கலந்தவர்களின் மொழி கரைந்து, அவர்களுடைய தலைவரும் உடன்படிக்கையும் எல்லோருக்கும் பொதுவாகிவிட்டதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று எனக்குத் தெரியவில்லை.

இந்தக் கூட்டு வாழ்வுக்குள் ஒரு பிரிவினரின் குறை மட்டும் ஆறவில்லை. அமெரிக்க மேற்கை ஆராயச் சென்ற லூயிஸ்-கிளார்க் பயணத்தில் வழித்துணையாகப் போன சக்காஜவியா பிறந்தது லெம்ஹை பள்ளத்தாக்கின் அகைதேக்கா மக்களிடையே. அம்மக்களுக்கு 1875இல் அந்தப் பள்ளத்தாக்கிலேயே ஏறத்தாழ 100 சதுர மைல் ஒதுக்கப்பட்டிருந்தது. அவர்களுடைய தலைவர் டெண்டாய் ஃபோர்ட் ஹாலுக்குப் போக நெடுங்காலம் மறுத்து வந்தார். 1907இல் அவர் இறந்த அதே ஆண்டில் மக்கள் தெற்கே கொண்டுசெல்லப்பட்டார்கள். சால்மன் உண்போர் என்று பெயர் பெற்றவர்கள், சால்மன் ஏறமுடியாத அருவிக்கு மேலே குடியேறினார்கள். அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்று ஷோஷோனி-பேனக் பழங்குடியின் முழு உறுப்பினர்கள். 2000இல் வெளியான சக்காஜவியா டாலர் நாணயத்தின் முகத்துக்கு மாதிரியாக இருந்தவரும் ஃபோர்ட் ஹால் உறுப்பினரே. ஆயினும் அந்த வழித்தோன்றல்களில் ஒரு பகுதியினர், தங்களைத் தனிப் பழங்குடியாக அங்கீகரித்துச் சொந்தப் பள்ளத்தாக்குக்குத் திரும்ப வழிசெய்ய வேண்டும் என்று கேட்டு வருகிறார்கள். எனவே உங்கள் கேள்வியின் ‘அரசு சேர்த்து வைத்ததா’ என்ற பகுதிக்குப் பேனக்குகளைப் பொறுத்தவரை இல்லை என்றும், லெம்ஹை மக்களைப் பொறுத்தவரை ஆம் என்றும் விடை சொல்ல வேண்டியிருக்கிறது.